நாள்காட்டியில் ஞாயிறு, செயலியில் சனி: பௌர்ணமி விரதம் என்றைக்கு?

பள்ளத்தூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய மாமியார் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒருபொழுது இருந்து, அந்தியில் விளக்கேற்றி, நிலவைக் கும்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாராம். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மருமகளுக்கு அதைத் தொடர ஆசை. சுவரில் தொங்கும் நாள்காட்டி ஞாயிறு என்கிறது, கைப்பேசிச் செயலி சனி என்கிறது. எதை எடுப்பது, வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் நான் பட்டினி கிடக்கலாமா, தவறாகச் செய்தால் குற்றமா என்று நான்கு கேள்வி. படித்துப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: "இருந்தபோது கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, இப்போது நானாகச் செய்தால் சரியாக இருக்குமா?" இருக்கும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் கோயில் குருக்கள் வீட்டுப் பெண் இல்லை. தேவகோட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள், முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். பஞ்சாங்கம் பார்க்க மாமியாரிடம் கற்றுக்கொண்டு, அவருக்குப் பிறகும் பௌர்ணமியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே திதிக் கணக்கில் உறுதியாகப் பேசுவேன். வழக்கம் என்று வரும்போது எங்கள் வீட்டில் கண்டதையும் அக்கம்பக்கத்தில் கண்டதையும் சொல்வேன். மருந்து விஷயத்தில் எச்சரிக்கை மட்டும்தான், முடிவு உங்கள் மருத்துவர் கையில்.

முதலில் நாள். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே உள்ள கோண அளவு. 12 பாகைக்கு ஒரு திதி. அமாவாசை முடிகிற கணத்தில் இரண்டும் ஒரே திசையில் நிற்கும். அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 168 பாகையில் பௌர்ணமித் திதி பிறந்து, 180 பாகையில் முடிகிறது. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நிலவு முழுமையாகும் கணத்தில் பௌர்ணமி தொடங்கவில்லை, முடிகிறது. நாம் பௌர்ணமி என்று கொண்டாடுவது நிறைந்துகொண்டிருக்கும் நிலவை. நிறைந்த அடுத்த கணம் அடுத்த திதியான பிரதமை. இது விளங்காததால்தான் பாதிக் குழப்பம்.

மீதிக் குழப்பம், திதியின் நீளம் 24 மணி நேரம் இல்லை என்பதால் வருகிறது. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது வேகம் கூடும், தள்ளிப் போனால் குறையும். அதனால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்தில் முடிந்தாலும் முடியும், 26 மணி நேரத்தைத் தாண்டினாலும் தாண்டும். எந்த வேளையிலும் பிறக்கும், எந்த வேளையிலும் முடியும். சனிக்கிழமை பகல் 1 மணிக்குப் பிறந்து ஞாயிறு காலை 11.30க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு சூரிய உதயத்தில் இருக்கும் திதி பௌர்ணமி, ஆகவே உதயத் திதியை அச்சடிக்கும் நாள்காட்டி ஞாயிறு என்று போடும். சனிக்கிழமை அந்தியில் நிலவு எழும்போதும் பௌர்ணமிதான், ஆகவே விரதத்துக்குக் கணக்குப் போடும் செயலி சனி என்று போடும். இரண்டும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வி வேறு வேறு.

நீங்கள் நிலவு பார்த்துச் சாப்பிடுகிற வீடு. ஆகவே உங்களுக்கு அந்தியில் பௌர்ணமி இருக்கிற நாள்தான் கணக்கு. நாள்காட்டியின் பெரிய எழுத்தைப் பார்க்காமல், திதி எத்தனை மணி வரை என்ற சின்ன எழுத்தைப் பாருங்கள். பகலிலேயே முடிந்துவிட்டால் முந்தின நாள் விரதம். ராத்திரி வரைக்கும் போனால் அன்றைக்கே விரதம். பெரும்பாலான மாதங்களுக்கு இது போதும்.

இரண்டு இடத்தில் மட்டும் இடிக்கும். திதி நீண்டு, இன்றைக்குச் சாயங்காலம் 5.30க்குப் பிறந்து நாளைக்கு ராத்திரி 7 மணிக்கு முடிந்தால் இரண்டு அந்தியிலும் பௌர்ணமி இருக்கும். திதி குறுகி, இன்றைக்கு ராத்திரி 7.30க்குப் பிறந்து நாளைக்குச் சாயங்காலம் 5 மணிக்கே முடிந்தால் இரண்டு அந்தியிலும் இருக்காது. எங்கள் வீட்டில் முதல் வகைக்கு இரண்டாம் நாளையும் (காலையும் மாலையும் பௌர்ணமி), இரண்டாம் வகைக்கு முதல் நாளையும் (ராத்திரி பூராவும் பௌர்ணமி) எடுப்போம். வேறு வீட்டில் மாற்றி எடுப்பார்கள். இதில் எது சரி என்று சண்டை போடுகிறவர்களிடம் நான் வாயைத் திறப்பதில்லை.

இதற்கு மேல் வாக்கியம், திருக்கணிதம் என்ற வித்தியாசம் வேறு. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திர வாக்கியங்களை வைத்துக் கணிப்பது. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கைச் சேர்த்துக்கொண்டது. இரண்டுக்கும் திதி முடிவில் சில மணி நேரம் வித்தியாசம் வரும். வானத்தில் உண்மையில் நடப்பதற்குக் கிட்டே இருப்பது திருக்கணிதம். சந்திர கிரகணத்தன்று இதை நீங்களே சோதிக்கலாம். கிரகணத்தின் நடுக்கட்டமும் பௌர்ணமி முடியும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்துக் கோயில்கள் பல வாக்கியத்தைத்தான் பிடித்திருக்கின்றன. ஊர்க்கோயிலில் ஒரு நாள், வீட்டில் ஒரு நாள் என்று இருக்க வேண்டாம் என்றால் கோயில் பஞ்சாங்கத்தையே வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது ஒன்றைப் பிடித்தால் அதையே வருஷம் பூராவும் பிடிக்க வேண்டும், மாதத்துக்கு ஒன்றைப் பார்த்தால்தான் தலை சுற்றும்.

பழைய பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதில் நான் பட்டிருக்கிறேன். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், மாமியார் பஞ்சாங்கத்தை நீட்டி, "பௌர்ணமி என்னைக்குன்னு பாரு ஆத்தா" என்றார். செவ்வாய்க்கிழமைக்கு நேரே பௌர்ணமி 18.30 என்று போட்டிருந்தது. பி.எஸ்சி. கணிதம் படித்த மிதப்பு. ரயில் நேரம் மாதிரி 18.30 என்றால் சாயங்காலம் ஆறரை, அந்திக்குத் திதி இருக்கிறது, விரதம் செவ்வாய் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் செவ்வாயன்று பட்டினி. அந்தியில் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு மெத்தைக்கு (மொட்டைமாடியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போனால், வெயில் போய்விட்டது, கிழக்கே ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் நின்ற பிறகு புளியமரத்துக்குப் பின்னால் சிவப்பாக ஏறியது. முழு நிலவு மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. மாமியார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது வெளிச்சம் போனதுக்கப்புறம் வருதே. பௌர்ணமி நேத்தே வந்துட்டுப் போயிருச்சு ஆத்தா" என்றார். திட்டவில்லை. பாலை ஊற்றிக் கொடுத்து, கீழே வந்து, நாழிகைக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

பஞ்சாங்கத்தில் 18.30 என்பது கடிகார மணி இல்லை. சூரிய உதயத்திலிருந்து 18 நாழிகை 30 விநாடி. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். இந்த விநாடியும் கடிகார விநாடி இல்லை, 60 சேர்ந்தால் ஒரு நாழிகை. பதினெட்டரை நாழிகை என்றால் 444 நிமிஷம், அதாவது 7 மணி 24 நிமிஷம். காலை 6.10க்கு உதயம் என்றால் திதி பகல் 1.34க்கே முடிந்துவிட்டது. திங்கட்கிழமை இருந்திருக்க வேண்டிய விரதம். இப்போது வரும் பஞ்சாங்கங்கள் பலவற்றில் பக்கத்திலேயே மணியும் போடுகிறார்கள். இருந்தாலும் எந்தப் பத்தி நாழிகை, எந்தப் பத்தி மணி என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் கண்ணாலேயே கண்டுபிடித்ததற்கும் கணக்கு இருக்கிறது. பௌர்ணமித் திதி நடக்கும் அந்தியில் சந்திரன் இன்னும் 180 பாகைக்கு வரவில்லை, ஆகவே பெரும்பாலும் சூரியன் விழுவதற்கு முன்பே கிழக்கே எழுந்துவிடும். கூடினால் முக்கால் மணி நேரம் முந்தும். திதி முடிந்த பிறகு வரும் அந்தியில் சூரியன் போனபின் எழும். அப்புறம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிஷம் பிந்தும். மரமும் மாடியும் மறைப்பதால் பத்து இருபது நிமிஷம் முன்னே பின்னே ஆகும், ஆனாலும் மெத்தையில் நின்று மேற்கே சூரியனையும் கிழக்கே நிலவையும் ஒரே சமயத்தில் பார்த்துவிட்டீர்கள் என்றால் அது திதியுள்ள அந்தி என்று அடித்துச் சொல்லலாம். அதற்கு முந்தின நாளாகவும் இருக்கலாமே என்றால், அன்றைக்கு அந்தி நேரத்தில் நிலவு இன்னும் நன்றாக மேலே ஏறி நிற்கும், ஒரு பக்கம் லேசாக மழுங்கியும் இருக்கும். நாலைந்து மாதம் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பகல் 1.34க்கு நிறைந்த நிலவைத் திங்கள் அந்தியில் பார்ப்பதைவிடச் செவ்வாய் அந்தியில் பார்ப்பதுதான் முழுமைக்குக் கிட்டே. அன்று நாங்கள் பார்த்தது திதிப்படி பிரதமை நிலவு, ஆனால் வட்டத்தில் குறைவில்லை. அதனால்தான் நாளைத் தவறவிட்டவர்களை நான் பயமுறுத்துவதில்லை. மரபு திதியைப் பார்க்கிறது, அதை மதித்து அந்த நாளில் இருக்கிறோம். தவறிப்போய் மறுநாள் இருந்தால், நீங்கள் கும்பிட்டது வேறு எதையோ இல்லை.

சரி, வீட்டில் செய்ய வேண்டியது. வீட்டுப் பௌர்ணமிக்கு இன்னின்ன செய்தே ஆக வேண்டும் என்று எல்லாரையும் கட்டுப்படுத்துகிற முறை எதுவும் இல்லை. குளித்து, வீட்டைக் கூட்டித் துடைத்து, ஒருபொழுது இருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் விளக்கேற்றி, நிலவைக் கும்பிட்டு, படைத்ததைச் சாப்பிடுவது. இவ்வளவுதான் நான் பார்த்த எல்லா வீட்டிலும் பொது. சிலர் அம்பாளுக்கு என்று செய்வார்கள், சிலர் குலதெய்வத்துக்கு, சிலர் பேர் எதுவும் சொல்லாமல். விளக்குக்கு நல்லெண்ணெய் போதும். மூன்று எண்ணெய், ஐந்து எண்ணெய் கலந்து பாட்டிலில் விற்பதை வாங்கினால்தான் பலன் என்பது கடைக்காரரின் பலன்.

கோலம் மட்டும் நம் பக்கத்தில் கொஞ்சம் விசேஷம். வாசல் கோலத்தோடு நிற்காமல் நடுவீட்டுக் கோலம் என்று உள்ளே போடுவோம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, அதில் ஒரு சின்னத் துணித் துண்டை நனைத்து உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, மோதிர விரல் வழியாக வழியவிட்டு இழுப்பது. போடும்போது தண்ணீர்க் கோடு மாதிரி மங்கலாகத்தான் இருக்கும், தப்பாகப் போய்விட்டதோ என்று தோன்றும். காயக் காய வெள்ளை எழும்பும். கரைசல் தண்ணியாகப் போனால் கோடு பரவும், கெட்டியாக இருந்தால் விரலில் இறங்காது. முதல் தடவை ஒரு ஓரத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நடுவில் முற்றம் வைத்த வளவு வீட்டில் இருக்கிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். முற்றத்தில் நின்று நிலவு தெரியவில்லை என்று காத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிலவு வானத்தில் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை ஏறும். கிழக்குத் தாழ்வாரக் கூரை 45 பாகை வரை மறைத்தால், எழுந்து 3 மணி நேரம் கழித்துத்தான் முற்றத்துக்குள் எட்டிப் பார்க்கும். ஆறு மணிக்கு எழுந்தது ஒன்பது மணிக்கு. வயதானவர்களைப் பட்டினியோடு உட்காரவைக்காதீர்கள், மெத்தைக்கு ஏற முடியாதவர்கள் தெருவாசலுக்குப் போய்ப் பார்க்கலாம். மேகம் மூடினால்? ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழைக்காலம், பாதி வருஷங்களில் நிலவு முகம் காட்டாது. நிலவு எழும் நேரம் செயலியிலேயே இருக்கிறது. அந்த நேரத்துக்குக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

படைக்க என்ன செய்வது என்றால், பால் பாயசம், சர்க்கரைப் பொங்கல், வெறும் காய்ச்சிய பாலும் வாழைப்பழமும், எது முடிகிறதோ அது. எங்கள் வீட்டில் பால்பணியாரம். இது சாஸ்திரம் இல்லை, மாமியாருக்குப் பிடிக்கும், வெள்ளையாக உருண்டையாக இருக்கும், அவ்வளவுதான். நான்கு பேருக்கு அரை ஆழாக்குப் பச்சரிசி, அரை ஆழாக்கு உளுந்து, இரண்டையும் ஒன்றாக இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும். மாவு இளகிவிட்டால் உருண்டை நிற்காது. மிதமான சூட்டில் எண்ணெயில் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளிப் போட்டு, சிவப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். நிறம் ஏறினால் பால்பணியாரம் இல்லை. எடுத்ததைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு வடித்தால் எண்ணெயும் போகும், மெத்தென்றும் ஆகும். அப்புறம் சர்க்கரையும் ஏலக்காயும் போட்ட பாலில். முன்கூட்டியே ஊறப் போட்டால் பால் முழுவதையும் குடித்துவிட்டு உப்பிக் கிடக்கும், ஆகவே நிலவு பார்க்க மெத்தைக்கு ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு சேர்த்தால் போதும்.

சித்திரை மாதத்துக்கு மட்டும் இதை மாற்ற வேண்டும். சித்ரா பௌர்ணமி சித்திரகுப்தருக்கு உரியது; காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயிலே உண்டு. அவர் பசுவின் வயிற்றில் பிறந்தவர் என்று ஒரு கதை, அதனால் சித்திரகுப்த நோன்பு இருக்கிறவர்கள் அன்றைக்குப் பசும்பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டார்கள். உப்பையும் விலக்குவது உண்டு. வீட்டில் மாக்கோலத்தில் அவர் உருவத்தை ஏடும் எழுத்தாணியுமாக வரைந்து கும்பிடுவார்கள். நாங்கள் அன்று பால்பணியாரத்துக்குத் தேங்காய்ப்பால் சேர்ப்போம். முதல் பாலைக் கொதிக்கவிடக் கூடாது, திரிந்துபோகும். இறக்கி வைத்த பிறகு ஊற்ற வேண்டும். மாவுக்குப் போடும் சிட்டிகை உப்பையும் அன்றைக்கு விட்டுவிடுவோம். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதும் இந்தப் பௌர்ணமிதான். எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள், மீதிப் பேருக்குத்தான் பணியாரம்.

மற்ற மாதங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். பௌர்ணமியன்று சந்திரன் சூரியனுக்கு நேரெதிரே நிற்பதால், அந்தந்த மாதப் பௌர்ணமி ஒரு குறிப்பிட்ட நட்சத்திரத்தை ஒட்டி வரும். வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கிருத்திகை, மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம். நம் பெரிய விழாக்கள் பல இப்படிப் பௌர்ணமியை ஒட்டியவைதான். நட்சத்திரமும் திதியும் ஒரு நாள் முன்னே பின்னே விலகுவது உண்டு, அப்போது கோயில் விழா நட்சத்திரத்தோடு போகும், உங்கள் வீட்டு விரதம் திதியோடு போகும். ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். அன்று கோயில் அன்னத்தையே ஒருபொழுதுச் சாப்பாடாக வைத்துக்கொள்ளலாம். தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போகிறவர்கள் வீட்டில் பௌர்ணமி சத்தமில்லாமல் போகும்.

கார்த்திகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு இருக்கிறதே, அது திருக்கார்த்திகையிலிருந்து எண்ணுவது. புதுத் துணியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை எடுத்துச் சேர்த்து, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில், அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த இழைமாவில் திரியாக வைத்து, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். சின்ன வயதில் எனக்கு இது பயம். பெரியவர்கள் கை நடுங்காமல் எடுத்துக் கொடுப்பார்கள், நாக்கில் சூடு தெரிவதற்குள் அணைந்துவிடும். கணக்கு வாத்தியாராக ஆன பிறகுதான் அந்த 21இன் அழகு புரிந்தது. பௌர்ணமியிலிருந்து தேய்பிறை 15, வளர்பிறை 6, மொத்தம் 21, சஷ்டி. நட்சத்திர வரிசையில் கார்த்திகை 3ஆவது, அதிலிருந்து 21 தள்ளினால் 24ஆவது, சதயம். திதிக் கணக்கும் நட்சத்திரக் கணக்கும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. உங்கள் மாமியார் இந்த நோன்பும் இருந்தவராக இருந்தால், கார்த்திகைப் பௌர்ணமியன்று அவர் கூடுதலாக ஏதாவது செய்தாரா என்று பங்காளி வீட்டில் கேளுங்கள்.

சத்தியநாராயண பூஜை செய்தே ஆக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அது கலசம் வைத்து, ஐந்து அத்தியாயக் கதை படித்து, ரவை, சர்க்கரை, நெய், பால், வாழைப்பழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் பங்கு கணக்கில் பிரசாதம் செய்கிற தனிப் பூஜை. பௌர்ணமியில் செய்வது வழக்கம். செய்கிற வீடு செய்யட்டும், நல்ல பூஜைதான். ஆனால் உங்கள் மாமியார் செய்தது நிலவு பார்க்கும் ஒருபொழுது. காணொளியில் பார்த்துவிட்டு அதன் மேல் இதை ஏற்றினால் மூன்றாவது மாதமே அலுத்துப்போய் இரண்டையும் விட்டுவிடுவீர்கள். பலர் அப்படி விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

விரதத்துக்கு அறிவியல் காரணம் என்று ஒன்று வலம் வருகிறது. கடலை இழுக்கிற சந்திரன் உடம்பில் உள்ள தண்ணீரையும் இழுக்கும், அதனால் அன்று சாப்பிடக் கூடாது என்று. இது நிற்காது. கடலில் ஏற்றவற்றம் வருவது, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் சந்திரன் இழுப்பதில் உள்ள வித்தியாசத்தால். ஆறடி உடம்பில் தலைக்கும் காலுக்கும் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. மேலும் அமாவாசையன்றும் கடல் அதே மாதிரிப் பொங்கும். விரதத்துக்கு இப்படி முட்டுக்கொடுக்கத் தேவையில்லை, மாமியார் இருந்தார், நானும் இருக்கிறேன் என்பது போதுமான காரணம்.

இப்போது உங்கள் மாத்திரை. சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கிளிமிபிரைடு அப்படிப்பட்டது, இன்சுலினும் அப்படித்தான். அதைப் போட்டுக்கொண்டு பகல் பூராவும் பட்டினி கிடந்தால் அந்திக்குள் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போவது ஆபத்து. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா விளக்கேற்றும்போதே சரிந்து விழுந்து, நல்லவேளை தீ பற்றவில்லை. ஆகவே மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, "மாதம் ஒரு நாள் இப்படி இருப்பேன், எந்த மாத்திரையை எப்போது எடுக்கட்டும்" என்று நேராகக் கேளுங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அவர் வேண்டாம் என்றால் வேளைக்குச் சாப்பிடுங்கள், அரிசிச் சோறு மட்டும் அந்திக்கு ஒத்திவையுங்கள், பகலுக்கு இட்லியோ கஞ்சியோ. ஒருபொழுது என்பதற்கு வயதானவர்கள் எல்லாரும் இப்படித்தான் இடம் கொடுத்துக்கொண்டார்கள். நடுவில் படபடப்பு வந்தால் யோசிக்காமல் சர்க்கரையை வாயில் போடுங்கள், விரதம் முறிந்ததாகக் கணக்கில்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் விளக்கேற்றி நிலவு பார்த்தால் போதும், பட்டினி வேண்டாம்.

வீட்டு விலக்கு நாளில் வந்தால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, அடுத்து கேட்பீர்கள். என் மாமியார் காலத்தில் அந்த மாதம் விளக்கை வேறொருவர் ஏற்றுவார், விலகி இருப்பவர் மெத்தையில் நின்று நிலவைப் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் என் மருமகள் அதையும் பார்ப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

கடைசியாக, கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்களே. மாமியாரின் பழைய பஞ்சாங்கங்களை எடைக்குப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் அலமாரியின் மேல்தட்டிலோ சாமி வீட்டிலோ இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் தனியாக நாட்குறிப்பு எழுதமாட்டார்கள், பஞ்சாங்க ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள். என் மாமியார் விரதம் இருந்த நாளுக்கு ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறார். பத்து மாதத்து வட்டங்களைத் திதி முடியும் நேரத்தோடு வைத்துப் பார்த்தால், அவர் வாக்கியமா திருக்கணிதமா, இரண்டு அந்தியிலும் வந்தால் எதை எடுத்தார் என்று எல்லாம் தெரிந்துவிடும். நான் தப்பாகச் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேரேயும் ஒரு வட்டம் இருக்கிறது. அடித்தெழுதவில்லை, பக்கத்தில் "பால்பணியாரம், மருமகள்" என்று மட்டும் இருக்கிறது.